சிங்கப்பூரில் தமிழ்ச் சபை: காகிதம் முதல் ஊழியம் வரை, புதிதாக வருவோருக்கு

நர்ஸ் வேலைக்காக நான் இங்கே வந்து இறங்கியபோது பெட்டியில் வேதாகமம் இருந்தது, பாமாலை இருந்தது, அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொடி இருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லை. அந்த ஒரு தாளுக்காக ஏழு மாதம் அலைந்தேன்.

அதைவிடப் பெரிய அலைச்சல் ஒன்றும் உண்டு. ஊரில் பாடகர் குழுவில் பாடினேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். இங்கேயும் வந்த வேகத்தில் எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன். பாடகர் குழு, பிள்ளைகள் வகுப்பு, வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம், மாதம் ஒருமுறை சமையல். நான்கே மாதத்தில் நைட் டூட்டி முடிந்து வந்து ஆராதனையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும் நிலைக்கு வந்தேன். பிறகு மூன்று வாரம் சபைக்கே போகவில்லை. அதே ஆர்வத்தோடு வருகிறவர்கள் அந்தப் பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். கத்தோலிக்கருக்கு மாறுபடும் இடங்களை, என்னோடு வேலை செய்யும் தோழிகளிடம் கேட்டுச் சேர்த்திருக்கிறேன்.

1. ஊரைவிட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

விசா, மெடிக்கல், டிக்கெட் என்று ஓடும் ஓட்டத்தில் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஊரில் இருக்கும்போது ஒரு நாள் வேலை. இங்கிருந்து கேட்டால் மாதக்கணக்கு.

முதலில் ஞானஸ்நானச் சான்றிதழ். சேகர (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டார) அலுவலகத்தில் உள்ள பதிவேட்டிலிருந்து எழுதி, குருவானவர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவார். இரண்டு பிரதி கேளுங்கள். அடுத்தது திடப்படுத்தல் சான்று. மூன்றாவது, சபை மாறுதல் கடிதம். "இன்னார் எங்கள் சபையின் அங்கத்தினர், நல்ல சாட்சியுள்ளவர், உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிற நான்கு வரிதான். ஆனால் சபையின் பெயர் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், தேதியோடு இருக்க வேண்டும். நிரந்தரமாக மாற மனமில்லை என்றால் அறிமுகக் கடிதம் மட்டும் கேட்கலாம். மணமானவர்கள் ஆலயத்தில் கொடுத்த திருமணச் சான்றோடு அரசுப் பதிவுச் சான்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர் திருமுழுக்குச் சான்றைப் பங்கு அலுவலகத்தில் வாங்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் அந்தத் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே ஓரக்குறிப்பாக ஏறும். அதனால் திருமணம் என்று வரும்போது சிறு வயதில் வாங்கி பீரோவில் வைத்திருக்கும் பழைய சான்று செல்லாது. ஆறு மாதத்துக்குள் புதிதாக எழுதி வாங்கியதைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள். இங்கே கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே வாங்கிப் பயனில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்ற பங்கு அலுவலக எண்ணை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

பெயரைச் சரிபார்க்காமல் எந்தத் தாளையும் கையில் வாங்காதீர்கள். என் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் சேர்த்த பெயர் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயரும் சேர்ந்துவிட்டது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று குருவானவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும். அந்த வரி இல்லாததால்தான் முதல் முறை வந்த சான்றை நான் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இன்னொன்று, சங்கக் காணிக்கை, அதாவது அங்கத்தினர் சபைக்குக் கட்டும் சந்தா பாக்கி. மூன்று வருடம் வெளியூரில் வேலை பார்த்ததில் என் கணக்கு நின்றுபோயிருந்தது. பாக்கியைக் கட்டினால்தான் கடிதம் என்றார்கள். என் தம்பி நான்கு முறை போனான். ஒரு முறை குருவானவர் கன்வென்ஷனுக்குப் போயிருந்தார், ஒரு முறை பதிவேடு வேறு ஊர் ஆலயத்தில் இருந்தது, ஒரு முறை எழுத்தர் இல்லை. சான்றுக்கு ஆன கட்டணம் சொற்பம். தம்பிக்குப் போன நாள்கூலிதான் பெரிது. நீங்கள் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டீர்கள் என்றால், "என் சார்பாக இவர் வாங்கிக்கொள்வார்" என்று கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் பாஸ்போர்ட் முதல் பக்க நகலையும் வீட்டாருக்கு அனுப்புங்கள். வாங்கியதும் முதலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துப் பிழை பாருங்கள், அதன் பிறகு கூரியர் செய்யட்டும்.

2. முதல் நான்கு ஞாயிறு: போய்ப் பாருங்கள், பெயர் கொடுக்காதீர்கள்

தமிழில் ஆராதிக்க இங்கே இடத்துக்குக் குறைவில்லை. கத்தோலிக்கருக்கு ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம். ரோச்சோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். மெதடிஸ்ட் சபைகளில் ஷார்ட் ஸ்திரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் சபை நகர நடுவில் இருக்கிறது. ஜூரோங், தோ பாயோ, அங் மோ கியோ, செம்பவாங் பக்கங்களிலும் தமிழ் மெதடிஸ்ட் சபைகள் உண்டு. ஆங்கிலிக்கன் வழியில் டோர்செட் சாலையில் கிறைஸ்ட் சர்ச், பாரர் பார்க் நிலையத்துக்குப் பக்கம். இவை தவிர பெந்தெகொஸ்தே சபைகளும் சிறு ஐக்கியங்களும் தீவெங்கும் உள்ளன. ஆராதனை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை இரவே அந்தந்தச் சபையின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

சிஎஸ்ஐக்காரர் அடிக்கடி கேட்பது: "நம்ம சபை இங்கே எது?" 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றுசேர்ந்தே சிஎஸ்ஐ உருவானது. ஆகவே மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் இரண்டிலும் உங்களுக்கு அந்நியம் தெரியாது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆராதனை ஒழுங்கு பழகியவர்களுக்கு ஆங்கிலிக்கன் ஆராதனை உடனே நாவில் வரும். கீர்த்தனையும் சாட்சியும் கூடுதலாக வேண்டுவோர் வேறு பக்கம் மனம் சாய்வார்கள். கத்தோலிக்கத் தோழியோடு திருப்பலிக்குப் போனபோது நான் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்க, சுற்றிலும் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று எழுந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார். அங்கே நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் வரிசையில் போகாமல் இருக்கையில் இருந்து ஜெபிப்பதே மரியாதை. சந்தேகமிருந்தால் எந்த ஆலயத்திலும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

இந்த நான்கு வாரத்தில் பிரசங்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவராதீர்கள். ஆராதனை முடிந்தபின் அரை மணி நேரம் நில்லுங்கள். தேநீர் யார் ஊற்றுகிறார்கள், தனியாக நிற்கும் ஆளிடம் யார் போய்ப் பேசுகிறார்கள், ஒர்க் பெர்மிட்டில் வந்த தம்பிமார் கூட்டத்தில் கலந்து நிற்கிறார்களா, ஓரமாக நிற்கிறார்களா என்று பாருங்கள். சபையின் இருதயம் அங்கேதான் தெரியும். யாரிடமாவது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஞாயிறு தவிர மற்ற நாளில் இந்தச் சபை என்ன செய்கிறது?" பதில் சொல்கிறவரின் முகம் மலர்ந்தால் அந்தச் சபையில் உயிர் இருக்கிறது என்று நான் கொள்வேன்.

சிறு ஐக்கியம் ஒன்றுக்கு யாராவது அழைத்தால் போகலாம். பணம் கேட்டால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பதிவுபெற்ற அறநிறுவனங்களின் பெயரை அரசின் அறநிறுவன இணையவாசலில் தேடிப் பார்க்கலாம். ஒருவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத் தசமபாகம் அனுப்பச் சொல்லும் இடத்தில் நான் உட்காரமாட்டேன்.

3. பெயர் கொடுக்கும்போது

ஐந்தாம் வாரம் புதியவர் அட்டையை நிரப்புங்கள். அதில் எழுதும் தொலைபேசி எண்ணில் கவனம் வையுங்கள். நான் ஊர் எண்ணைத்தான் எழுதியிருந்தேன். இரண்டு மாதத்தில் அந்த சிம் செத்துவிட்டது. நான் போகாத அந்த மூன்று வாரமும் யாருமே கூப்பிடவில்லை என்று மனம் வெந்துகொண்டிருந்தேன். வரவேற்பு மேசையில் இருக்கும் ஆன்ட்டி தன் கோடு போட்ட நோட்டைத் திறந்து காட்டினார். என் பெயருக்கு எதிரே நீல மையில் மூன்று தேதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "எடுக்கவில்லை". எண் மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீட்டு ஜெபக்குழுவை வட்டாரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி அட்டையின் படம் இதெல்லாம் சபைக்குத் தேவையில்லை.

4. ஞாயிறு விடுப்பைப் பேசி வாங்குங்கள்

இதைச் செய்யாமல் எந்த ஊழியத்துக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஷிஃப்ட் வேலை பார்ப்போர் ரோஸ்டர் போடும் முன் கேட்க வேண்டும், போட்ட பிறகு இல்லை. எல்லா ஞாயிறும் கேட்டால் கிடைக்காது. நான் மாதத்தில் இரண்டு ஞாயிறு பகல் ஆஃப் கேட்டேன். அதற்கு ஈடாகத் தீபாவளி, சீனப் புத்தாண்டு நாட்களில் டூட்டி எடுக்கத் தயார் என்று முதலிலேயே சொன்னேன். அன்றிலிருந்து கிட்டத்தட்ட எல்லா மாதமும் கிடைக்கிறது. புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் இங்கே பொது விடுமுறை. ஆனால் மருத்துவமனைக்கும் கடைக்கும் அது வேலைநாள்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள்.

வீட்டு வேலைக்கு வந்த சகோதரிகளுக்கு: வாரம் ஒரு ஓய்வுநாள் உங்கள் உரிமை. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது பணமாக மாற்றாமல் விட்டே தீர வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்தக் கிழமை என்பதை முதலாளியோடு பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். "ஞாயிறு காலை 9 முதல் மாலை 5 வரை" என்று நேரத்தோடு சொன்னால் அவர்களுக்கும் ஏற்பாடு செய்ய எளிது. தங்குவிடுதித் தம்பிகள் துவாஸ் போன்ற இடத்திலிருந்து நகரத்துக்கு வந்துபோக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை ரயில் மற்ற நாளைவிடத் தாமதமாகத் தொடங்கும்.

5. அங்கத்தினர் ஆவது

சபைக்குச் சபை மாறும். பெரும்பாலும் சில வார வகுப்பு, போதகரோடு ஒரு சந்திப்பு, பிறகு ஒரு ஞாயிறு ஆராதனையில் சபையாருக்கு முன் உறுதிமொழி. எனக்கு வகுப்பு எட்டு வாரம். ஷிஃப்டால் இரண்டு வாரம் தவறி, அடுத்த அணியோடு முடித்தேன். ஆக, முதல் ஞாயிறிலிருந்து அங்கத்தினராகும் வரை ஆறு மாதம் முதல் ஓராண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. கத்தோலிக்கர் பங்கில் பெயர் பதிந்தால் போதும். இதுவரை திருமுழுக்குப் பெறாதவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பினால் ஏறக்குறைய ஓராண்டுத் தயாரிப்பு; பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு.

குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் சில இடங்களில் "மறுபடியும் முழுக்கு எடுத்தால்தான் அங்கத்தினர்" என்பார்கள். அது அவரவர் விசுவாசம். தனியாக வந்த இடத்தில், நட்புக்காக, அவசரத்தில் அதற்குத் தலையாட்ட வேண்டாம். ஊரில் உள்ள உங்கள் குருவானவரிடமும் வீட்டாரிடமும் பேசி, ஜெபித்து, பிறகு முடிவெடுங்கள்.

6. ஊழியம்: திறமையைக் கேட்காதீர்கள், பாரத்தைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

புதியவரிடம் சபையில் கேட்கும் முதல் கேள்வி "உங்களுக்கு என்ன தெரியும்?" பாடத் தெரியும் என்றால் பாடகர் குழு, கீபோர்டு தெரியும் என்றால் இசைக்குழு, கம்ப்யூட்டர் தெரியும் என்றால் திரையில் பாட்டு வரி போடும் வேலை. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் தெரிந்த வேலையும் மனதில் எரிகிற வேலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் சபை வழக்கில் அதற்குத்தான் "பாரம்" என்று பெயர். எதை நினைத்தால் உங்களுக்கு ராத்தூக்கம் வரவில்லையோ அது உங்கள் பாரம்.

எனக்கு அது தெரியவந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது கட்டுமான வேலை செய்யும் ஒரு தம்பி, "அக்கா, நீங்க நர்ஸ்தானே?" என்று நிறுத்தினான். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. வேதாகமத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த மருத்துவ விடுப்புச் சீட்டை எடுத்து நீட்டினான். மடிப்பு ஓரங்கள் கிழிந்து, வியர்வையில் எழுத்து மங்கியிருந்தது. பதினான்கு நாள் விடுப்பு என்று எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். அவன் நான்கு நாள் என்று நினைத்து, ஐந்தாம் நாளே வேலைக்குப் போய்விட்டிருந்தான். "நாலுக்குப் பக்கத்துல ஒன்னு இருக்குன்னு தெரியலக்கா, கோடுன்னு நெனச்சேன்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. பாடகர் குழுவில் ஒரு பாட்டு சரியாக வராமல் போனபோது எனக்கு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

அடுத்த வாரம் பாடகர் குழுத் தலைவரிடம் போய் விலகிக்கொள்வதாகச் சொன்னேன். பிள்ளைகள் வகுப்பையும் வேறொருவரிடம் ஒப்படைத்தேன். போதகரிடம், தேநீர் நேரத்தில் ஒரு மேசை மட்டும் கேட்டேன். வங்கியில் வேலை செய்யும் ஒரு சகோதரி, பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கும் ஒரு அண்ணன், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நான் என நால்வர் சேர்ந்தோம். யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்தால் படித்துத் தமிழில் சொல்வோம். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். அவ்வளவுதான். நாங்கள் நால்வரும் நான்கு மாவட்டம், மூன்று சபைப் பின்னணி. அந்த மேசையில் உட்காரும்போது அதெல்லாம் நினைவுக்கே வருவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் "ஒருமனப்பட்டு" என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அந்த மேசையில்தான் விளங்கியது.

உங்கள் பாரத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: முதல் மூன்று மாதம் எதற்கும் வாக்குக் கொடுக்காமல் சபை செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். மருத்துவமனைச் சந்திப்பு, முதியோர் இல்லம், பிள்ளைகள், ஜெபக்குழு, சமையல். கத்தோலிக்கருக்கு மரியாயின் சேனை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை போன்ற பொதுநிலையினர் குழுக்கள் உண்டு. வீட்டுக்கு வந்தபிறகும் எந்த முகம் உங்களோடு வருகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றே ஒன்றில், ஓராண்டுக்கு, சேருங்கள். இரண்டாவதற்கு யார் அழைத்தாலும் "இந்த வருடம் ஒன்றில் இருக்கிறேன் அண்ணே, அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று பணிவாகச் சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, நான்தான் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்து கிடந்தேன்.

பிள்ளைகளோடு வேலை என்றால் உடனே சேர்க்கமாட்டார்கள். விண்ணப்பம், பயிற்சி, சில மாதக் காத்திருப்பு, பெரியவர் இருவர் இல்லாமல் வகுப்பு நடத்தக்கூடாது என்ற விதி எல்லாம் இருக்கும். "நம்மைச் சந்தேகப்படுகிறார்களே" என்று வருந்தாதீர்கள். அந்தப் பிள்ளைகளைக் காக்கிற வேலி அது.

வெளிநாட்டு ஊழியர் மேல் பாரமுள்ளவர்கள், சபைக்கு வெளியே ஏற்கெனவே நன்றாக நடக்கும் வேலைகளோடும் கைகோக்கலாம். 2006இல் தொடங்கிய ஹெல்த்செர்வ் அவர்களுக்கு மருத்துவமும் ஆற்றுப்படுத்துதலும் தருகிறது. கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் ஆக்மி, புலம்பெயர்ந்தோருக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. எங்கள் மேசையில் அவிழ்க்க முடியாத முடிச்சை இப்படித் தெரிந்தவர்களிடம் அனுப்பிவிடுவோம். ஒரு செய்தி மட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள்: வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். பயத்தில் மூடி வைத்துக் காலம் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

7. சட்டத்தில் இடறாமல் இருக்க

ஊரில் இயல்பாகச் செய்யும் பல காரியங்களுக்கு இங்கே அனுமதி வேண்டும். ஆர்வக் கோளாறில் செய்துவிட்டு, வேலை அனுமதியை இழந்து நிற்கக்கூடாது.

ஊழியத்துக்குப் பணம் வாங்காதீர்கள். வேலை அனுமதி உங்கள் முதலாளியிடம் வேலை செய்ய மட்டுமே. திருமண வீட்டில் கீபோர்டு வாசித்ததற்கோ, வீடியோ எடுத்ததற்கோ உறையில் வைத்துக் கொடுத்தால், அது அனுமதியில்லாத வேலையாகிவிடும். அன்போடு திருப்பிக் கொடுங்கள்.

உங்களைப் பார்க்க வந்திருக்கும் மாமா ஊரில் போதகராக இருக்கலாம். சுற்றுலா அனுமதியில் வந்தவரைச் சபையிலோ கூட்டத்திலோ பிரசங்கிக்க வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சமயப் பேச்சு நிகழ்த்துவோருக்கு மனிதவள அமைச்சின் தனி அனுமதி இருக்கிறது. அதிகபட்சம் 60 நாள். அதற்கு இங்குள்ள அமைப்புதான் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதை அறியாமல் அழைப்பிதழே அனுப்பிவிட்டு, முந்தின நாள் கூட்டத்தை ரத்து செய்தது. மாமா வருவது தெரிந்தவுடன் சபை அலுவலகத்தில் கேளுங்கள்.

தெருமுனைப் பிரசங்கம், வெளியரங்கக் கூட்டம் எதுவும் காவல்துறை அனுமதியின்றிக் கூடாது. பிற சமயத்தை இழித்துப் பேசுவதை, மேடையில் ஆனாலும் சாட்சியில் ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஆனாலும், இங்கே மிகக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இலேயே நிறைவேறியது. "நான் முன்பு கும்பிட்டது" என்று தொடங்கும் சாட்சிகளில் வார்த்தை தவறுவது எளிது. உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள், பக்கத்து வீட்டார் கும்பிடுவதை விட்டுவிடுங்கள். என் வார்டில் எனக்குத் தோள் கொடுக்கும் தோழிகளில் பாதிப்பேர் முஸ்லிம்களும் இந்துக்களும்தான்.

ஊர் ஆலயத்துக்குக் கோபுரம் கட்ட, கிணறு வெட்ட என்று இங்கே பொதுவில் வசூல் செய்யாதீர்கள். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட, அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். உங்கள் சொந்தப் பணத்தை ஊருக்கு அனுப்புவது வேறு விஷயம். க்யூஆர் படம் போட்டுக் குழுக்களில் பரப்புவதுதான் சிக்கல்.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் மைக், டிரம்ஸ் வேண்டாம். இரவு பத்துக்கு முன் முடித்துவிடுங்கள். வாடகை அறையாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். செருப்புகளை நடைபாதையை அடைத்துப் போடாமல் ஓரமாக வரிசையில் வைக்கச் சொல்லுங்கள். புகார் பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சபை நட்பை வைத்துச் சீட்டு, கடன், வேலை வாங்கித் தரும் ஏஜென்ட் வேலை என்று வருவோரிடமிருந்து விலகியே இருங்கள். உரிமமின்றி வட்டிக்குக் கொடுப்பது இங்கே குற்றம். கூடவே, யாருடைய மருத்துவச் சீட்டையும் ஜெபக்குறிப்பு என்று சொல்லிக் குழுவில் படம் போடாதீர்கள். நாங்கள் மேசைக்கு வரும் தாள்களைப் படமே எடுப்பதில்லை.

8. செலவு

பயணம், ஒரு வழிக்கு ஒன்றரை முதல் இரண்டரை வெள்ளி. காணிக்கையை இப்போது பல சபைகளில் பேநவ் (கைபேசியில் வங்கிப் பணம் அனுப்பும் முறை) க்யூஆரில் செலுத்தலாம். பையில் நோட்டாகப் போட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, மனப்பூர்வமாக முடிந்ததைக் கொடுங்கள். வருமான வரிக் கழிவு கிடைக்குமா என்று கேட்பார்கள். 250 விழுக்காட்டுக் கழிவு, பொது நன்மைக்கான அமைப்பு என்ற தகுதி பெற்ற நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு மட்டும்தான். பொதுவாகச் சபைக் காணிக்கை அதில் வராது.

கணக்கில் வராமல் போகும் செலவுகளும் உண்டு: பிறந்தநாள் கேக், பிரிவுபசார அன்பளிப்பு, குழுச் சட்டை, பாட்லக் சாப்பாடு. மாதம் இருபது வெள்ளி என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். முடியாத மாதத்தில் தலைவரிடம் தனியாகச் சொல்லிவிடுவேன்.

9. சபை முகாம்

ஆண்டு முகாமை ஜொகூரிலோ மலாக்காவிலோ வைப்பது இங்கே வழக்கம். ஒருமனப்பட, இரண்டு நாள் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடுவதைப் போல வேறொன்றில்லை, முடிந்தால் போங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். வேலை அனுமதி அட்டையைக் கையோடு எடுங்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை, அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் பக்கம் போலி. விசா விதி மாறக்கூடியது, அதனால் பணம் கட்டும் முன் உங்கள் நாட்டவருக்கு இப்போது என்ன விதி என்று பாருங்கள். முகாம் கட்டணம் கட்ட முடியாதவருக்குப் பல சபைகளில் உதவி நிதி இருக்கும். எங்கள் முகாமில் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாறு பேர் அப்படி வருகிறார்கள். யார் என்று போதகரைத் தவிர யாருக்கும் தெரியாது.

10. ஊருக்குத் திரும்பும்போது

வேலை ஒப்பந்தம் முடியும் தேதி தெரிந்ததும், இரண்டு மாதம் முன்பே சபை அலுவலகத்தில் மாறுதல் கடிதம் கேளுங்கள். இங்கே பிறந்து ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் இருந்தால் அவர்கள் சான்றிலும் இரண்டு பிரதி. செய்துவந்த ஊழியத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதையும் அப்போதே பேசுங்கள்.

எங்கள் மேசையிலிருந்த வங்கிச் சகோதரி போன மாதம் ஊருக்குப் போனார். போவதற்கு முன் ஆறு ஞாயிறு, தன் இடத்துக்கு வரப்போகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார். அந்த ஆள், கையில் கட்டோடு வந்தானே, அதே தம்பிதான். இரவு வகுப்புக்குப் போய் ஆங்கிலம் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். இப்போது ஞாயிறு 11 மணிக்கு, எனக்கு முன்பே வந்து மேசையைத் துடைத்து நாற்காலி போட்டுவைக்கிறான்.